எதிரே உட்காரும் உரிமை

2025 ஆகஸ்ட் மாதக் கடைசியில் அமெரிக்காவின் லூசியானா மாநிலச் செஸ் சாம்பியன்ஷிப்புக்கு ஹிகாரு நாகமுரா பெயர் கொடுத்தார். அப்போது உலகத் தரவரிசையில் இரண்டாமிடத்தில் இருந்தவர், ரேட்டிங் 2800க்கு மேல். அங்கே அவருக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் அவரைவிடப் பல நூறு புள்ளிகள் குறைந்தவர்கள். வாரநாட்களில் வேறு வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்து ஆடுகிறவர்கள். நாகமுரா வென்றார். வேறென்ன நடக்கும்?

அவர் போனதற்குக் காரணம் இருந்தது. 2026 கேண்டிடேட்ஸ் போட்டியில் ஓர் இடம் ரேட்டிங் அடிப்படையில் கொடுக்கப்படுவது. அந்த இடத்துக்குத் தகுதிபெற, குறித்த காலத்துக்குள் குறைந்தது 40 கிளாசிக்கல் ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். அவருடைய கணக்கில் ஆட்டங்கள் குறைவு. எனவே லூசியானா, பிறகு அயோவா என்று சின்னச் சின்னப் போட்டிகளாகத் தேடிப்போய் எண்ணிக்கையை நிரப்பினார். விதியை மீறினார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் செஸ் உலகம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஒரு தரப்பு “இது போட்டியே இல்லை, சின்னப் பசங்க மைதானத்துல ரஞ்சி பிளேயர் வந்து சதம் அடிக்கிற மாதிரி” என்றது. மறுதரப்பு “அந்த மனுஷங்களைக் கேளுங்க, நாகமுராவோட ஆடினேன்னு பேரன் பேத்திகிட்ட சொல்வாங்க” என்றது. இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்ததால்தான் அந்தச் சண்டை முடியவில்லை.

அந்தச் சண்டைக்குள் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. போட்டி என்றால் சமமானவர்கள் மோதிக்கொள்வதா? ஒவ்வொருவரும் தன் பிரிவில் உள்ளவரோடு மட்டும்தான் ஆட வேண்டுமா?

நம் ஊரில் இந்தக் கேள்வி வேறு சொற்களில் கேட்கப்படுகிறது. தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்திலும் ஒரு ரேட்டிங் டோர்னமெண்ட் நடக்கும் கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்க, வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெற்றோர்கள் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பேச்சு சுற்றிச்சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: “ஓப்பன்ல போடுறீங்களா, பிலோ 1600ல போடுறீங்களா?” 1600க்குக் கீழே உள்ளவர்களுக்கென்று மட்டும் நடத்தப்படும் போட்டிகள் இந்தியா முழுக்க உண்டு. டெல்லி சர்வதேச ஓப்பன் பல ஆண்டுகள் ஏ, பி, சி என்று ரேட்டிங் வாரியாக மூன்று பிரிவுகளாகவே நடந்திருக்கிறது. பிலோ 1600ல் போட்டால் பிள்ளை ஐந்தாறு ஆட்டம் ஜெயிக்கும், கோப்பை கிடைக்கலாம், பரிசுப்பணமும் கிடைக்கலாம். ஓப்பனில் போட்டால் முதல் ரவுண்டிலேயே ஒரு ஐஎம்மிடம் மாட்டி, இருபத்தைந்து நகர்த்தலில் முடிந்து, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும். சில ஆயிரம் ரூபாய் நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், லாட்ஜ் அறை, அப்பாவுக்கு நான்கு நாள் லீவு. இவ்வளவையும் கொடுத்து அந்த அழுகையை வாங்குவதா என்ற கேள்வி நியாயமானதுதான்.

என் அக்கா மகனுக்குப் பதினோரு வயது, ரேட்டிங் 1480. அக்கா என்னிடம் இதைக் கேட்டபோது உடனே பதில் சொல்ல வரவில்லை. நானும் வார இறுதியில் ஆடுகிறவன்தான். கோடு எழுதிப் பிழைக்கிறவன். 1600ஐச் சுற்றியே பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருப்பவன். எனக்கு இரண்டு பிரிவிலும் ஆடிய அனுபவம் உண்டு. ஆனால் அனுபவம் இருப்பதும் காரணம் தெரிந்திருப்பதும் வேறு வேறு. பிரித்து யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் பிரிவுகளுக்கு ஆதரவான வாதத்தை அதன் முழு வலுவோடு வைத்துப் பார்க்கலாம்.

பெரிய போட்டிகள் எல்லாம் ஸ்விஸ் முறையில் நடக்கின்றன. 1895ல் சூரிச்சில் நடந்த போட்டியில் யூலியஸ் முல்லர் என்பவர் அறிமுகப்படுத்திய முறை. யாரும் வெளியேற்றப்படுவதில்லை. ஒவ்வொரு ரவுண்டிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்கள் மோதுவார்கள். 256 பேர் ஆடினால் முழுப்புள்ளியில் இருப்பவர்கள் ஒவ்வொரு ரவுண்டிலும் பாதியாகக் குறைந்து, எட்டு ரவுண்டில் ஒருவர் மிஞ்சுவார். அல்காரிதமாகப் பார்த்தால் மிக அழகானது. ஆனால் முதல் ரவுண்டில் பட்டியலின் மேல்பாதி கீழ்பாதியோடு ஆடும். முதலாமவருக்கு எதிரி 129ஆமவர். அந்த ரவுண்டின் முடிவுகளில் பெரும்பாலானவற்றை ஆடாமலே எழுதிவிடலாம். அடுத்து நடப்பது இன்னும் மோசம். கீழ்பாதியில் மேலே இருப்பவர் முதல் ரவுண்டில் தன்னைவிட மிகப் பலசாலியிடம் தோற்பார். இரண்டாவதில் மிக பலவீனமானவரை வெல்வார். மூன்றாவதில் மறுபடி பலசாலி. யோயோ பொம்மை மாதிரி மேலும் கீழுமாகப் போய்வந்து, எட்டு ஆட்டத்தில் தனக்குச் சமமான ஒருவரைக்கூடச் சந்திக்காமல் வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் கட்டணம் கட்டித்தான் வந்தார்கள்.

ஆட்டத்தின் சுவை முடிவு தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. முடிவு தெரிந்த ஆட்டத்தில் பலசாலிக்குச் சலிப்பு, பலவீனனுக்கு அவமானம். பிரிவுகள் இருந்தால் ஒவ்வொரு மேசையிலும் யார் ஜெயிப்பார் என்று தெரியாத ஓர் ஆட்டம் நடக்கும். 1500 ரேட்டிங் உள்ளவருக்கும் ஒரு இறுதிச்சுற்று கிடைக்கும், பதற்றம் கிடைக்கும், கோப்பையைத் தொடும் தூரம்வரை போகும் வாய்ப்பு கிடைக்கும். இது சாதாரண விஷயமில்லை. பெரும்பாலான மனிதர்கள் எதிலும் உலகத் தரத்துக்குப் போவதில்லை. அவர்களுடைய முயற்சிக்கும் ஒரு மேடை வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. குத்துச்சண்டையில் எடைப்பிரிவு இல்லாவிட்டால் உயிரே போகும். செஸ்ஸில் உயிர் போகாது. ஆனால் ஆர்வம் போகும். தொடர்ந்து அடி வாங்கி விட்டுவிட்டுப் போனவர்களை எனக்கே தெரியும்.

சரி, அப்படியென்றால் கதவை முழுதாகச் சாத்திவிடலாமா? அவரவர் பிரிவில் அவரவர்?

சாத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு வரலாறுகள் இருக்கின்றன.

முதலாமவர் கிளாட் பிளட்குட். அமெரிக்காவின் வர்ஜினியா மாநிலச் சிறையில் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் கைதியாக இருந்தவர். நன்றாகச் செஸ் ஆடுவார். சிறைக்குள்ளேயே ரேட்டிங் போட்டிகளை ஏற்பாடு செய்து, சக கைதிகளோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். எல்லாம் அந்தச் சுவர்களுக்குள்ளேயே. வெளியிலிருந்து பலசாலி எவரும் வந்து அவருடைய புள்ளியைக் குறைக்க வழியில்லை. புதிதாக வரும் கைதிகளிடமிருந்து புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. 1996ல் அவருடைய ரேட்டிங் 2700ஐத் தாண்டி, அமெரிக்கப் பட்டியலில் இரண்டாமிடத்துக்கு வந்துவிட்டது. கிராண்ட்மாஸ்டர்களுக்கு மேலே, சிறையிலிருக்கும் ஒரு முதியவர். ஏமாற்றினாரா, கணக்கின் பலவீனம் தானாக வெளிப்பட்டதா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். எனக்கு அந்த விவாதத்தைவிட இது முக்கியமாகப் படுகிறது: மூடிய அறைக்குள் அளந்த எண்ணுக்கு அந்த அறைக்கு வெளியே பொருள் இல்லை.

இரண்டாவது வரலாறு சூசன் போல்கர். 1986 நவம்பரில் உலகச் செஸ் அமைப்பான ஃபிடே ஒரு முடிவெடுத்தது. ஆடிக்கொண்டிருக்கும் பெண்கள் எல்லோருக்கும் 100 ரேட்டிங் புள்ளிகள் சும்மா சேர்க்கப்படும், சூசன் போல்கர் ஒருவரைத் தவிர. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதற்குப் பின்னால் சொல்லப்பட்ட காரணம் கணக்கு அறிந்த காரணம்தான். மற்ற பெண்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடியதால் அவர்களுடைய எண்கள் தனித்தீவில் வளர்ந்தவை, ஆண்களின் எண்களோடு ஒப்பிடுகையில் குறைந்து நிற்பவை. சூசன் ஆண்களோடு ஆடி ஈட்டியதால் அவருடைய எண் ஏற்கெனவே சரியானது. விளைவு என்ன தெரியுமா? 1987 ஜனவரிப் பட்டியலில் அவர் பெண்களில் முதலிடத்தை இழந்தார். பிரிவைத் தாண்டி வெளியே போய் ஆடியவருக்குக் கிடைத்த பரிசு இது! அவருடைய தங்கை யூதித் இன்னும் பிடிவாதமாக இருந்தார். பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பில் ஒருமுறைகூட ஆடவில்லை. 1991ல் பதினைந்து வயதில், பாபி ஃபிஷரின் சாதனையை முறியடித்துக் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னாளில் உலகின் முதல் பத்துப் பேருக்குள் வந்தார். தன் பிரிவிலேயே இருந்திருந்தால் அவர் யார் என்று நமக்குத் தெரிந்திருக்காது. அவருக்கும் தெரிந்திருக்காது.

மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், ரேட்டிங் என்பது ஒரு வலைப்பின்னல். ஒவ்வொரு ஆட்டமும் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு. பிரிவுகளுக்கு இடையே கோடுகளே இல்லையென்றால் வலை துண்டு துண்டாகப் போய்விடும். ஒரு துண்டில் உள்ள 1600ம் இன்னொரு துண்டில் உள்ள 1600ம் ஒரே அளவா என்று சொல்ல எந்த வழியும் கிடையாது. அதாவது, “அவரவர் பிரிவில் மட்டும்” என்ற விதியை முழுதாக அமல்படுத்தினால், யார் எந்தப் பிரிவு என்று தீர்மானிக்கும் அளவுகோலே கொஞ்ச நாளில் உடைந்துவிடும். பிரிவுகள் சரியாக இருக்க வேண்டுமானால் பிரிவுகளைத் தாண்டிய ஆட்டங்கள் நடந்தாக வேண்டும்.

அளவைவிட முக்கியமானது ஏணி. கிராண்ட்மாஸ்டர் நார்ம் ஒன்றுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். ஒன்பது ஆட்டங்களில் 2600 தரத்துக்கு ஆட வேண்டும், எதிரிகளின் சராசரி குறைந்தது 2380 இருக்க வேண்டும், அவர்களில் குறைந்தது மூன்று பேர் கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். இன்னும் கிராண்ட்மாஸ்டர் ஆகாத ஒருவர் கிராண்ட்மாஸ்டர்களோடு உட்காராமல் கிராண்ட்மாஸ்டர் ஆக முடியாது. வைஷாலி 2500 புள்ளியைத் தொட்டுக் கிராண்ட்மாஸ்டர் தகுதியை நிறைவு செய்தது 2023 டிசம்பரில், ஸ்பெயினில் நடந்த எல் யோப்ரேகாட் ஓப்பனில். அதே ஆண்டு பெண்கள் கிராண்ட் ஸ்விஸ்ஸையும் அவர்தான் வென்றார். பெண்கள் பிரிவு அவருக்கு மேடையைக் கொடுத்தது, ஓப்பன் கதவு மேலே போகும் வழியைக் கொடுத்தது. இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்று சொல்லியிருந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ போட்டியில் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். மாஸ்டர்ஸ், சேலஞ்சர்ஸ் என்று இரண்டு பிரிவு. இந்த வருடம் சேலஞ்சர்ஸை வெல்பவருக்கு அடுத்த வருடம் மாஸ்டர்ஸில் இடம். 2016ல் நம் அதிபன் சேலஞ்சர்ஸை வென்றார். 2017ல் கார்ல்சன் ஆடிய மாஸ்டர்ஸில் போய் உட்கார்ந்தார். கடைசி இடம்தான் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நடுவில் ஆரோனியனோடும் வெய் யீயோடும் மூன்றாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார். நாகப்பட்டினத்தில் பிறந்தவரின் பலம் என்ன என்று அந்தக் கதவு திறந்ததால்தான் தெரியவந்தது. அர்ஜுன் எரிகைசிக்கு மேல்தட்டுப் போட்டிகளின் அழைப்புகள் போதிய அளவு வராத காலத்தில், அவர் ஓப்பன் போட்டிகளாகத் தேடி ஆடினார். தன்னைவிடக் குறைந்தவர்களோடு ஆடும்போது ஒரு டிராகூடப் புள்ளியைத் தின்னும். அந்த ஆபத்தை எடுத்தபடியே 2024 டிசம்பர் பட்டியலில் 2800ஐத் தாண்டினார். பிரிவின் கதவைச் சாத்துவது கீழே இருப்பவர்களைக் காப்பாற்ற என்று சொல்கிறோம். நடைமுறையில் அது மேலே இருப்பவர்களின் வட்டத்தையும் காப்பாற்றுகிறது என்பதை அர்ஜுனின் கதை காட்டுகிறது.

இங்கே ஒரு எளிய தீர்வு தோன்றும். மேலே ஏற விரும்புகிறவரை விடு, கீழே இறங்கி வருகிறவரைத் தடு. எனக்கும் முதலில் இதுதான் தோன்றியது. ஆனால் ஒரு நிமிடம் யோசித்தால் இது நிற்காது. ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். என் அக்கா மகன் மேலே ஏறி ஒரு ஐஎம்மோடு ஆடும் அதே மேசையில், அந்த ஐஎம் கீழே இறங்கி ஒரு பதினோரு வயதுப் பையனோடு ஆடிக்கொண்டிருக்கிறார். ஒருவரின் ஏற்றம் இன்னொருவரின் இறக்கம். ஒன்றை அனுமதித்து மற்றதைத் தடுக்க வழியே இல்லை.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டியிருக்கிறது. யார் யாரோடு ஆடலாம் என்று கேட்பதை விட்டுவிட்டு, சமமில்லாத இருவர் ஆடும்போது பந்தயத்தில் யார் எவ்வளவு வைக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

இந்தக் கேள்விக்கான பதிலை இயற்பியல் பேராசிரியர் ஒருவர் அறுபது வருடத்துக்கு முன்பே கணக்காகப் போட்டுவைத்திருக்கிறார். அர்பாத் ஈலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் மில்வாக்கியில் பாடம் நடத்தியவர். அவருடைய முறையை அமெரிக்கக் கூட்டமைப்பு 1960ல் ஏற்றது, ஃபிடே 1970ல் ஏற்றது. அதன்படி 1800 உள்ள ஒருவரும் 1400 உள்ள ஒருவரும் ஆடினால் பலசாலியிடம் எதிர்பார்க்கப்படுவது 0.92 புள்ளி. இருவருக்கும் மாறும் வேகம் 20 என்று வைத்துக்கொண்டால், பலசாலி ஜெயித்தால் அவருக்குக் கிடைப்பது 1.6 மட்டும். தோற்றால் போவது 18.4. பலவீனனுக்கு இதே கணக்கு தலைகீழ். அதாவது பலசாலி பதினொரு மடங்குக்கும் மேலாகப் பந்தயம் வைத்துத்தான் அந்த மேசையில் உட்கார முடியும். ஈலோ அறம் பேசவில்லை, நிகழ்தகவுதான் பேசினார். ஆனால் எனக்கு இதைவிட நல்ல அறவிதி தெரியவில்லை. நீ பெரியவன், சின்னவனோடு மோத வருகிறாயா, வா, ஆனால் அவன் வைப்பதைவிட நீ அதிகம் வை.

இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால் பல சிக்கல்கள் தெளிவாகின்றன.

பிலோ 1600 போட்டியில் பரிசுப்பணத்துக்காகத் தன் ரேட்டிங்கை வேண்டுமென்றே கீழே வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பணமில்லாத சின்னப் போட்டிகளில் வேண்டுமென்றே தோற்று, பெரிய பணம் உள்ள பிரிவில் வந்து வெல்வார். ஆங்கிலத்தில் சாண்ட்பேகிங் என்கிறார்கள். பிரிவுவாரியாகப் பெரும் பரிசுகள் கொடுக்கும் அமெரிக்காவில் இது பெரிய தலைவலியாக இருந்ததால், ஒருவர் தொட்ட உச்சத்திலிருந்து ஓர் எல்லைக்குக் கீழே ரேட்டிங் இறங்காது என்று தரை வைத்திருக்கிறார்கள். உச்சம் 1941 என்றால் 1700க்குக் கீழே போக முடியாது. இவர் செய்வதில் என்ன தவறு? காகிதத்தில் எல்லோரும் ஒரே பிரிவு, விதிப்படி சமம். ஆனால் அவர் எதையும் பணயம் வைக்கவில்லை. ரேட்டிங் போனால் அவருக்கு லாபம்கூட. தோல்வியும் வெற்றியும் இரண்டுமே லாபமாக இருக்கும் ஒருவர், எல்லாவற்றையும் வைத்து ஆடும் ஒருவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். “ஒரே பிரிவு” என்ற விதி இந்த அநியாயத்தைத் தடுக்கவில்லை. சொல்லப்போனால் அதற்கு முகமூடி கொடுத்தது.

இப்போது நாகமுராவுக்கு வருவோம். ஃபிடேயின் விதிகளில் ஒரு சலுகை இருந்தது. இருவருக்கும் இடையே 400 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதை 400 என்றே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். பலசாலிகள் ஓப்பன் போட்டிகளில் பயமில்லாமல் ஆட இது உதவும். ஆனால் இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2800 உள்ளவர் 1900 உள்ளவரை வென்றால் 0.8 புள்ளி கிடைக்கும். உண்மையான வித்தியாசத்தை எடுத்தால் கிடைக்க வேண்டியது பூஜ்யம். பதினொரு, பன்னிரண்டு ஆட்டத்துக்கு ஒன்று தோற்றால்தான் கணக்கு சரியாகும். அந்த வித்தியாசத்தில் நூறு ஆட்டம் ஆடினாலும் ஒன்று தோற்பது அபூர்வம். ஆக, ஆபத்தே இல்லாத வருமானம். ஈலோ கட்டிய தராசில் ஒரு தட்டை யாரோ கையால் தாங்கிப் பிடித்த மாதிரி. 2025 அக்டோபர் முதல் 2650க்கு மேல் உள்ளவர்களுக்கு இந்தச் சலுகையை ஃபிடே எடுத்துவிட்டது.

கவனியுங்கள், நாகமுரா லூசியானாவுக்குப் போகக் கூடாது என்று ஃபிடே சொல்லவில்லை. போ, ஆனால் சும்மா எடுத்துக்கொண்டு வராதே என்றது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். அந்தச் சந்திப்பில் தவறில்லை, தராசில்தான் தவறு இருந்தது. தராசைச் சரிசெய்தபின் உலகின் இரண்டாம் நிலை வீரர் ஒருவர் சின்ன ஊர்ப் போட்டிக்கு வந்தால், அவருக்கு ஏறக் கிடைப்பது ஒன்றுமில்லை, இழக்க மட்டும் இருக்கிறது. அப்படி வருகிறவரை வாசலில் நின்று வரவேற்கலாம்.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அதைச் சொல்பவர்கள் நாற்பது, ஐம்பது வயதில் ஆடும் என் நண்பர்கள். “கணக்கு நல்லாதான் இருக்கு, ஆனா எண்ணே பொய் சொல்லுதே” என்பார்கள். எதிரே 1450 ரேட்டிங்கில் ஒரு பொடியன் உட்கார்ந்திருப்பான். அவனுடைய உண்மையான பலம் 1900. தினம் ஆறு மணி நேரம் பயிற்சி, கோச், கம்ப்யூட்டர். அவன் வளரும் வேகத்துக்கு ரேட்டிங் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். 1700 உள்ள என் நண்பர் அவனிடம் தோற்றால் 16 புள்ளி போகும். ஒரே போட்டியில் இப்படி நான்கு பொடியர்கள் வந்தால் ஒரு வருட உழைப்பு காலி. இங்கே பந்தயத்தில் அதிகம் வைப்பவர் பலவீனமானவர்தான். “இதுக்குப் பெரியவங்களுக்குத் தனிப்பிரிவு வைங்கப்பா” என்பது அவர்கள் கோரிக்கை.

அவர்கள் வலி உண்மையானது. ஆனால் மருந்து அதுவல்ல. அந்தப் பையனின் எண் பொய் சொல்வதற்குக் காரணம் அவன் போதிய அளவு மேலே ஆடாததுதான். அவனைப் பிலோ 1600 அறைக்குள்ளேயே வைத்திருந்தால் அங்கே தன்னைப் போன்ற இன்னொரு பொய்யெண்ணோடு மோதிக்கொண்டே இருப்பான். பல ரவுண்டு ஜெயித்தும் கொஞ்சம்தான் ஏறுவான். மேலே விட்டால் நான்கு ஆட்டத்தில் அவன் யார் என்று தெரிந்துவிடும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மாறும் வேகத்தை ஃபிடே 40 என்று வைத்திருப்பது இதற்காகத்தான். என் நண்பரிடம் 16 எடுத்தவன் அதைப்போல் இரண்டு மடங்கு ஏறிவிடுவான், அடுத்த முறை அவனிடம் தோற்பது அவ்வளவு வலிக்காது. 2024 மார்ச்சில் 2000க்குக் கீழே உள்ள எல்லோருக்கும் ஒரே தடவையாகப் புள்ளிகளை ஏற்றி, அடித்தளத்தை 1000லிருந்து 1400க்கு உயர்த்தியதும் இதே நோய்க்கான வைத்தியம். பொய் சொல்லும் எண்ணைத் திருத்த வேண்டும். அதற்குப் பயந்து அறையைப் பூட்டினால் பொய் இன்னும் பெருகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பணம். நம் ஊர் ஓப்பன் போட்டிகளில் கிராண்ட்மாஸ்டர்களுக்குப் பொதுவாக நுழைவுக் கட்டணம் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு போட்டிக்காரர்கள் செலவு. அந்தச் செலவில் ஒரு பகுதி வருவது எங்களைப் போன்றவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்து. அவர்கள் வாழ்க்கைக்கு அது அவசியம், எனக்கு அதில் புகார் இல்லை. ஆனால் கீழ்ப்பிரிவைத் தனி மண்டபத்தில் பூட்டி, அவர்கள் கட்டணத்தை மட்டும் மேல்பிரிவின் பரிசுக்கு எடுத்துப்போனால் அதற்குப் பெயர் வேறு. காசு கொடுக்கிறவனுக்கு எதிரே உட்காரும் உரிமையும் வேண்டும். இங்கிலாந்துக் கால்பந்தில் இதை நெடுங்காலமாகச் செய்கிறார்கள். லீக்கில் அவரவர் பிரிவு, எஃப்.ஏ. கோப்பையில் எல்லோரும். பெரிய கிளப்கள் மூன்றாவது சுற்றில்தான் உள்ளே வரும். அதற்குள் சிறியவர்கள் தங்களுக்குள் மோதி, தகுதி பெற்று நிற்பார்கள். 1989ல் லீக்கிலேயே இல்லாத சட்டன் யுனைடெட் முதல் பிரிவின் கோவென்ட்ரி சிட்டியை 2-1 என்று வென்றது. சின்ன அணி அன்று ஒரு மதியத்தை வைத்து ஆடியது, பெரிய அணி தன் மானத்தை வைத்து ஆடியது.

அக்காவிடம் கடைசியில் நான் சொன்னது இதுதான்: மூன்றில் இரண்டு போட்டி அவன் பிரிவில் ஆடட்டும், ஜெயிக்கும் ருசியும் தெரியணும். மூன்றாவது ஓப்பன். தோற்றால் ஆட்டம் முடிந்தபின் எதிராளியிடம் போய், “எங்க சார் தப்புப் பண்ணேன்?” என்று கேட்கச் சொல். நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன். என்னை இருபத்தெட்டு நகர்த்தலில் வென்ற ஒரு ஐஎம், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் வராந்தாவில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பத்து நிமிடத்தில் நான் கற்றது பிலோ 1600ல் ஜெயித்த எந்த ஆட்டத்திலும் கிடைக்கவில்லை. அவருக்கு அன்று ரேட்டிங்கில் கிடைத்தது ஒரு புள்ளிகூட இல்லை. தோற்றிருந்தால் பல ஆட்டங்களில் சேர்த்தது ஒரே அடியில் போயிருக்கும். அவர் வைத்த பந்தயம் அது, எனக்குக் கொடுத்தது அந்தப் பத்து நிமிடம்.

சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய மிகைல் தால் செஸ் கிளப்பில்தான் ஆனந்த் சிறுவனாக ஆடி வளர்ந்தார். அங்கே பிளிட்ஸ் ஆட்டத்துக்குப் பிரிவு கிடையாது. ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்துபோய் வரிசையில் நிற்க வேண்டும். கடுமையான விதிதான், பலவீனனுக்கு நிற்கும் நேரமே அதிகம். ஆனால் வரிசையில் நின்றால் உன் முறை வரும், எதிரே யார் இருந்தாலும். அவ்வளவு கடுமை எல்லோருக்கும் தேவையில்லை. வரிசையும் அந்த முறையும் மட்டும் இருந்தால் போதும்.

ஒலிம்பியாடுகள் இதற்கு ஒரு நல்ல உருவத்தைக் கண்டுபிடித்திருக்கின்றன. 1976க்கு முன்புவரை நாடுகளைப் பூர்வாங்கக் குழுக்களாகப் பிரித்து, முடிவைப் பொறுத்து மேல், கீழ் இறுதிச்சுற்றுகளில் போடுவார்கள். கீழே போன நாடு கடைசிவரை கீழேதான். 1976 ஹைஃபாவில் அதை விட்டு ஸ்விஸ் முறைக்கு வந்தார்கள். 2022ல் மாமல்லபுரத்தில் ஓப்பன் பிரிவில் 180க்கும் மேற்பட்ட அணிகள் ஒரே பட்டியலில் ஆடின. முதல் ரவுண்டில் பல மேசைகள் 4-0 என்றே முடிந்தன. ஆனால் போகப்போக ஒவ்வொரு அணியும் தன் உயரத்தைக் கண்டுகொண்டது. கடைசியில் பதக்கங்கள் மட்டும் கொடுக்கவில்லை. தரவரிசைப்படி அணிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் முதலில் வந்த அணிகளுக்கும் பரிசு கொடுத்தார்கள். பரிசுக்குப் பிரிவு உண்டு, ஆட்டத்துக்குப் பிரிவு இல்லை. முதல் மேசைக்காரருக்கும் கடைசி மேசைக்காரருக்கும் கடிகாரத்தில் ஒரே அளவு நேரம்தான் வைத்திருந்தார்கள்.